தலைக்கு ஒரு முந்திரி

பள்ளத்தூரில் தங்கை கல்யாணம்.
இனிப்பு ஒப்பந்தம் எழுதியவன் நான்.
வங்கியில் வேலை;
ஒரு புள்ளி இடம் மாறினாலும் தூக்கம் வராது.
"கவுனி அரிசி, கிண்ணத்தில்.
என்னையும் சேர்த்து முந்நூற்றிருபது பேர்.
தலைக்கு ஒரு முந்திரி."
கீழே கையெழுத்து: வயிரவன், சமையல்.
அதற்கும் கீழே நெய்யில் ஒரு கைரேகை.

தாலி ஏறியது, பந்தி விரிந்தது,
கிண்ணம் கிண்ணமாய்க் கவுனி வந்தது.
கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு.
தேங்காய்ப்பூவில் நாலைந்து நட்சத்திரம்,
பிறையை மட்டும் காணோம்.
சம்பந்தி மெய்யாத்தாள்
கரண்டியால் ஒருமுறை கிண்டினார்,
இன்னொருமுறை தோண்டினார்,
பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
அந்தப் பார்வையை வகுக்க
என்னிடம் எண்ணே இல்லை.

கொட்டகைக்கு ஓடினேன்.
"வயிரவண்ணே, முந்திரி?"
"போட்டாச்சே."
"எவ்வளவு?"
"ஒன்று."
"ஒரு கிலோவா?"
"ஒரு பருப்பு."

ஈரக்கையை வேட்டியில் துடைத்து
கைபேசியை நீட்டினார்.
மாமன் மச்சான் குழுவில் யாரோ அனுப்பிய
பழைய வாய்ப்பாடு:
அரை, கால், அரைக்கால், மாகாணி என்று
இறங்கி, இன்னும் இறங்கி
ஒரு மூலையில் நின்றது முந்திரி.
முந்நூற்றிருபதில் ஒரு பங்கு.
"தலைக்கு ஒரு முந்திரி, தலை முந்நூற்றிருபது.
பெருக்கிப் பாருங்க."

பெருக்கினேன். ஒன்று.
நம்பாமல் மறுபடி பெருக்கினேன்.
துடைப்பத்தோடு நின்ற மாரிக்கண்ணு சொன்னாள்:
"காலையிலேருந்து நானும்தான் பெருக்குறேன்,
ஒண்ணுகூட வரலை."

"ஒரே பருப்பை எப்படி அண்ணே இத்தனை பேருக்கு?"
"அரைத்தேன்."
"அரைத்தால் அரைதானே வரும்?"
"விட்டுவிட்டு அரைத்தால் அரை.
விடாமல் அரைத்தால்
முந்திரியே முந்திரி ஆகிவிடும்."

"ஈவு இரக்கம் வேண்டாமா மனுஷனுக்கு?"
"ஈவு சரியாக ஒன்று வருது தம்பி.
இரக்கம் பட்டியலில் எழுதலையே."

பட்டியலைத் திருப்பினேன்.
பின்பக்கம், அவர் கையால் எழுதியது:
"வேலை முடிந்ததும்
கூலிக்கு மேல் ஒரு மா."
நூற்றுக்கு ஐந்து கேட்கிறார் என்று
வங்கிக்காரனுக்கு விளங்காதா?
தாம்பூலத் தட்டில் கிடந்த கிளிமூக்கு ஒன்றை
எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
"இந்தாங்க. ஒரு மா."

முகர்ந்து பார்த்தார்.
"பழுக்கலையே?"
"இருக்கட்டும்,
வட்டி ஏற ஏறப் பழுக்கும்."

வயிரவன் சிரித்த சிரிப்பில்
அடுப்பு ஒருதரம் அணைந்து எரிந்தது.
விறகுக்குப் பின்னாலிருந்து
தூக்குவாளியை இழுத்து மூடி திறந்தார்.
நெய்யில் பொன்னாய் வறுபட்டு
எண்ணிவைத்தாற்போல், இல்லை,
எண்ணியே வைத்தது,
முந்நூற்றுப் பத்தொன்பது.

முதல் பிறை சம்பந்தி கிண்ணத்தில்.
கடக்கென்று ஒரு கடி;
அவர் பார்வை மீதியின்றி வகுபட்டது.
பிறகு மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் சித்தப்பா,
தேவகோட்டையிலிருந்து வந்து
மொய் எழுதாமல் சாப்பிட உட்கார்ந்த இருவர்,
எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று.

கடைசிப் பந்தியில் கடைசி இலை எனக்கு.
வாளி காலி.
"என்னுடையது எங்கே அண்ணே?"
"உங்களுடையதைத்தானே
அரைத்து ஊருக்கே பகிர்ந்தேன்.
உங்க பங்கும் அதில் இருக்கு, தேடிப் பாருங்க."

ஒரு முந்திரியில் ஒரு முந்திரி.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத் தேடினேன்.
கறுப்பும் இனிப்பும் கிடைத்தன.
வழித்து நக்கினேன், விடை வரவில்லை.

ராத்திரி படுத்த பிறகு
கடைவாய்ப் பல்லிடுக்கில்
என்னவோ ஒரு துணுக்கு நெருடியது.
தேங்காயாக இருக்கலாம்.
அதை முந்திரி என்க.